ஆர்.வி.யில் இருந்து வேலை: முதலில் மின்கணக்கு

அரிசோனாவில் குவார்ட்ஸைட்டைச் சுற்றியுள்ள பி.எல்.எம். (அமெரிக்க அரசின் பொது நில நிர்வாகத் துறை) நிலங்களில் டிசம்பரில் ஆர்.வி.யை, அதாவது படுக்கை, சமையல் வசதியோடு வீடு போல இருக்கும் வண்டியை, நிறுத்தி வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். பொதுவாக ஓரிடத்தில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். மின் இணைப்பு, தண்ணீர்க் குழாய் எதுவும் கிடையாது. ஒரு வேலை நாளுக்கு எவ்வளவு மின்சாரம் என்று எழுதிப் பார்க்காமல் அங்கே போகவே கூடாது.

லேப்டாப் 50 வாட், 8 மணி நேரம்: 400 வாட்-அவர். மானிட்டர் 25 வாட்: 200. செயற்கைக்கோள் இணையம் தரும் சிறிய டிஷ்ஷான ஸ்டார்லிங்க் மினி சராசரி 30 வாட், 9 மணி நேரம்: 270. இதுவரை 870. எல்லோரும் மறப்பது ஹீட்டர் காற்றாடியை. கேஸில் எரியும் ஹீட்டராக இருந்தாலும் அதன் காற்றாடி 90 வாட் இழுக்கும். இரவில் மொத்தம் 4 மணி நேரம் ஓடினால் 360. ஆக 1,230. 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரியின் முழுக் கொள்ளளவே 1,280 வாட்-அவர்தான். குறைந்தது இரண்டு வேண்டும்.

நியூயார்க்கில் காலை 9 மணிக் கூட்டம் என்றால் குவார்ட்ஸைட்டில் அப்போது 7 மணி. டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பதே ஏழரைக்கு மேல். ஹீட்டர் இரவெல்லாம் தின்றது போக மிச்சமிருக்கும் பேட்டரியில்தான் காலை வேலை நடக்கும்.

கூரையில் படுத்த நிலையில் இருக்கும் 400 வாட் சோலார், டிசம்பரில் நாளுக்குச் சுமார் 900 வாட்-அவர்தான் தரும். பேனலைத் தெற்கு நோக்கி 50 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். இன்னும் பேனல் வாங்குவதற்கு முன் சாய்க்கும் கால்களை வாங்குங்கள். கூரை ஏசியின் நிழல் விழாத இடமும் முக்கியம். சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தி அடிவாங்கும்.

லேப்டாப்புக்காக 2,000 வாட் இன்வெர்ட்டரை நாள் முழுக்க ஓடவிடாதீர்கள். சும்மா இருக்கும்போதே 20 வாட் போல எடுக்கும். 12 வோல்ட்டில் நேராக ஓடும் டைப்-சி சார்ஜர் போதும். ஸ்டார்லிங்க் மினி 12 முதல் 48 வோல்ட் வரை ஏற்கும். ஆனால் மெல்லிய, நீளமான கம்பியில் 12 வோல்ட் கொடுத்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கி டிஷ் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 24 வோல்ட்டுக்கு உயர்த்தும் கன்வர்ட்டரைப் போட்டால் இந்த ரீஸ்டார்ட் தொல்லை நின்றுவிடும்.

எஞ்சினில் இருந்து லித்தியத்துக்கு நேரடி இணைப்பு வேண்டவே வேண்டாம். அது இழுக்கும் கரண்டில் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் கருவி) சூடேறிக் கருகும். நடுவே கரண்டைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். ஃபிளாக்ஸ்டாஃப் போன்ற மேட்டு ஊருக்கு ஏறினால் இரவில் உறைபனி. 0 டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல் கெடும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில், வண்டியின் உள்ளே வையுங்கள்.

இணையம் இதைவிட எளிது. ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கு வடக்கு வானம் மரமில்லாமல் திறந்திருக்க வேண்டும். மாற்றாக, உங்கள் ஃபோனில் இல்லாத வேறு நிறுவனத்தின் சிம் போட்ட ரௌட்டர் ஒன்று. சிக்னல் பூஸ்டர் திரையில் சிக்னல் கோடுகளைக் கூட்டிக் காட்டினாலும் வேகத்தைக் குறைப்பதுண்டு, ஏனெனில் பல ஆன்டெனாக்களில் வரவேண்டியதை ஒன்றாகச் சுருக்கிவிடுகிறது.

எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒன்று: வேலை செய்யும் இடமும் விசா மனுவின் பகுதி. மனுவில் காட்டிய மாநகர்ப் பகுதியைத் தாண்டி வேலையிடம் மாறினால் நிறுவனம் திருத்திய மனு போட வேண்டும் என்பது 2015-இல் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் உறுதியானது. குறுகிய காலத்துக்கு விதிவிலக்கு உண்டு, அதற்கும் நாள் வரம்பு உண்டு. வண்டிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.