அதைவிட நல்லது

"லாரிப் பட்டையிலதான செஞ்சே மக்கா?" என்று கேட்டார், துப்பாக்கியை ரிப்பேருக்குக் கொடுத்தவர். "அதைவிட நல்லது அண்ணாச்சி" என்றேன். இந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

குலசேகரம் பக்கத்துக்காரர். அப்பா காலத்து லைசென்ஸ், அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி. மரச்சீனிக் கிழங்கு தோண்ட வரும் பன்றியைச் சத்தம் போட்டு விரட்டத்தான். குதிரை என்கிற சுத்தியோடு சேர்ந்து சுழலும் உள்துண்டில், கொக்கி விழுந்து நிற்கும் வெட்டு மழுங்கியிருந்தது. குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் நழுவியது, விசையைத் தொடாமலே வெடிக்கலாம். ரிப்பேருக்கு லைசென்ஸ் உள்ள பட்டறை எங்களுடையது.

லாரிப் பட்டை, அதாவது லாரிக்கு அடியில் இருக்கும் வில்பட்டை, நல்ல உருக்குதான். கார்பன் அரை சதவீதத்துக்கு மேல். எண்ணெயில் தோய்த்தால் உள்வரை இறுகும். ஆனால் வருஷக்கணக்காகக் குண்டுகுழியில் வளைந்து நிமிர்ந்த பட்டைக்குள் மயிரிழை விரிசல் எங்கே கிடக்கிறதோ, யார் கண்டது? தோய்த்த பிறகு மறுபடி சுடவைத்துப் பதம் சரியாக இறக்காவிட்டால் கண்ணாடி மாதிரி ஒடியும். அதனால் புதுத் துண்டு செய்ய சாதா எம்.எஸ். எடுத்தேன், மைல்டு ஸ்டீல் என்கிற மெத்து இரும்பு. கார்பன் கால் சதவீதத்துக்குள்தான், சும்மா தோய்த்தால் இறுகாது. சிரட்டைக்கரியோடு இரும்புப் பெட்டியில் அடைத்து, களிமண் பூசி, மூன்று மணி நேரம் செஞ்சூட்டில் வைத்துத் தண்ணீரில் போட்டேன். மேல்தோல் கெட்டி, உள்ளே மெத்து. அந்தக் காலத்து வெள்ளைக்காரன் துப்பாக்கிகளிலும் இந்த வேலை உண்டு. அரம் வைத்தேன், பிடிக்காமல் வழுக்கியது, அவ்வளவு கெட்டி. இதுவரை நியாயம் என் பக்கம்தான்.

மாட்டினால் கொக்கி சரியாக விழவில்லை. வெட்டை எண்ணெய்க்கல்லில் தேய்த்தேன், நாலு இழுப்பு. ஆறாகவும் இருக்கலாம். அந்தக் கெட்டித் தோல் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. தேய்த்த இடத்தில் மறுபடி அரம் வைத்துப் பார்க்கவில்லை. அவர் வாசலில் நின்று பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். அப்போதுதான் அந்தக் கேள்வி.

நாலு இழுப்பில் தோல் போயிருக்காது. சரி, போனாலும் மெத்து இரும்பு பட்டென்று ஒடியாது, மெல்லத்தான் தேயும் என்று சொல்லிக்கொள்வேன். அப்புறம் நினைப்பு வரும்: பழசும் மெல்லத் தேய்ந்து நழுவியதால்தானே மனுஷன் என்னிடம் வந்தார்?

2024 தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்தார். அந்த இரண்டு மாசமும் நிம்மதியாகத் தூங்கினேன். ஜூனில் திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் தக்கலைச் சந்தையில் பார்த்தேன். "நல்லா நிக்குது மக்கா" என்று தோளில் தட்டினார். ஒருதடவை கொண்டாங்க, கழற்றிப் பார்த்துடுறேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மரச்சீனி என்ன விலை போகுது அண்ணாச்சி என்று கேட்டேன்.