வான்கூவரில் காரை மறந்துவிடுங்கள், ஃபெர்ரியில் நடந்தே ஏறுங்கள்

வான்கூவரில் இறங்கிய கையோடு கார் வாடகைக்கு எடுப்பதுதான் காசைக் கரியாக்கும் முதல் வேலை. ஸ்கைட்ரெய்ன் என்கிற மெட்ரோ ரயில், பஸ், ஸீபஸ் என்கிற பயணிகள் படகு மூன்றுக்கும் ஒரே டிக்கெட். 90 நிமிடம் செல்லும். விமான நிலையத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் 5 டாலர் கூடுதலாகப் பிடிப்பார்கள். அப்படியும் டாக்ஸியைவிட எவ்வளவோ மேல்.

தொங்குபாலம் பார்க்கவும் காசு கொடுக்காதீர்கள். வாட்டர்ஃபிரண்டில் ஸீபஸ் ஏறினால் 12 நிமிடத்தில் லான்ஸ்டேல் கீ. அங்கிருந்து 228 பஸ்ஸில் லின் வேலி போய்க் கொஞ்சம் நடந்தால் லின் கேன்யன். பாலத்துக்கு 50 மீட்டர் கீழே ஆறு பாறையில் மோதி ஓடும். நுழைவு இலவசம்.

வான்கூவர் தீவில் இருக்கும் விக்டோரியாவுக்குக் கப்பலில் காரைக் கொண்டுபோனால் வண்டிக்குத் தனிக் காசு, ஆளுக்குத் தனிக் காசு. கோடை வார இறுதியில் முன்பதிவு இல்லையென்றால் ஒன்றிரண்டு கப்பல்களை விட்டுவிட்டு வரிசையில் வெயில் காய வேண்டியதுதான். நடந்து ஏறுபவர்களுக்கு முன்பதிவே வேண்டாம். ஸ்கைட்ரெய்னின் கனடா லைனில் பிரிட்ஜ்போர்ட் ஸ்டேஷன், அங்கிருந்து 620 பஸ், நேராகச் சவாசன் துறைமுகம். சொதப்புவது இந்த 620தான். லாங் வீக்கெண்டில் பெட்டியும் முதுகுப்பையுமாகக் கூட்டம் நிரம்பி, ஒரு பஸ் கைவிட்டுப் போகும். கப்பல் கிளம்ப 10 நிமிடம் இருக்கும்போதே டிக்கெட் கவுண்டரும் மூடிவிடும். அதனால் கணக்குப் போட்ட பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸையே பிடியுங்கள்.

பயணம் 1 மணி 35 நிமிடம். முதல் பாதி வெறும் கடல்தான். சாப்பாட்டை அப்போதே முடித்துவிட்டு வெளித்தளத்துக்கு வந்துவிடுங்கள். அடுத்து வருகிறது ஆக்டிவ் பாஸ்! வலப்பக்கம் கலியானோ தீவு, இடப்பக்கம் மேய்ன் தீவு, நடுவே வளைந்து நெளியும் ஒடுங்கிய நீர்ப்பாதை. இத்தனை பெரிய கப்பல் அதற்குள் திரும்புமா என்று நெஞ்சு படபடக்கும்போதே, எதிர்த்திசைக் கப்பல் ஹாரன் அடித்துக்கொண்டு பக்கத்தில் கடக்கும். நீரோட்டம் சுழித்து நுரைப்பது தளத்திலிருந்தே தெரியும். நுழையும்போது இடப்பக்கம் நின்றால் ஜார்ஜினா முனைக் கலங்கரை விளக்கம் கண்ணில் படும். ஜூலையிலும் காற்று குத்தும், ஜாக்கெட் கட்டாயம். டிக்கெட் காசு இந்தக் கால்மணி நேரத்துக்கே சரியாகிவிடும்.

தீவுப் பக்கத் துறைமுகமான ஸ்வார்ட்ஸ் பேயில் இறங்கியதும், விக்டோரியா போக 70ஆம் எண் பஸ்ஸில் ஏறுங்கள். 72 ஊரெல்லாம் சுற்றும். வான்கூவரின் காம்பஸ் பயண அட்டை இங்கே செல்லாது. டிரைவர் மீதி தரமாட்டார், சரியான சில்லறை வேண்டும். விக்டோரியாவை ஒட்டிய எஸ்குவைமால்ட் கடற்படைத் தளத்துக்குத்தான் 2010 ஆகஸ்டில், அடைக்கலம் தேடி வந்த 492 ஈழத்தமிழரோடு எம்.வி. சன் ஸீ கப்பலைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கரையைப் பார்க்கும்போது நமக்கு அது நினைவுக்கு வராமல் போகாது.

தீவின் மேற்குக் கரையிலுள்ள டொஃபினோ போகத்தான் கார் வேண்டும். அதையும் தீவிலேயே எடுங்கள். நனைமோவிலிருந்து நெடுஞ்சாலை 4இல் சுமார் மூன்று மணி நேரம். வழியில் கதீட்ரல் குரோவ். அங்குள்ள பழைய டக்ளஸ் ஃபிர் மரங்களில் சிலவற்றுக்கு 800 வயது. போர்ட் ஆல்பர்னியில் டேங்கை நிரப்பி, வரைபடத்தையும் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் மலை வளைவுகள்தான், சிக்னலை நம்ப முடியாது. இருட்டுமுன் கடந்துவிடுவது நல்லது. லாங் பீச்சில் தண்ணீர் கோடையிலும் ஐஸாக இருக்கும், குளிர் தாங்கும் வெட்சூட் உடை இல்லாமல் இறங்காதீர்கள். ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் கரை இது, மழைக்கோட்டையும் மறக்க வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் டொஃபினோ அறை வாடகை கொள்ளை. பக்கத்து யூக்லூலெட்டில் விசாரியுங்கள். அங்கே பாறைக் கரையோரம் கலங்கரை விளக்கத்தைச் சுற்றிவரும் 2.6 கி.மீ. நடைபாதைக்குக் கட்டணமே கிடையாது.