மொட்டைமாடிக் கோழிகள்: கொடுங்கையூர் நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025

பொங்கல் கழிந்ததும் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்குக் கோழி வந்துவிட்டது. என் மாமியார் காலத்தில் வாசலிலேயே மேயுமாம். இப்போது வாசலெல்லாம் சிமென்ட்டும் வண்டிகளும், அதனால் எல்லோரும் மொட்டைமாடியில்தான் வளர்க்கிறார்கள்.

முதல் கேள்வி வழக்கமானதுதான். "சேவல் இல்லாம முட்டை போடாதாமே, மெய்யாலுமாக்கா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண். பருவம் வந்த பெட்டை சேவல் இல்லாமலே முட்டை போடும், அதில் குஞ்சு மட்டும் பொரிக்காது என்றேன். நாட்டுக்கோழிக்குப் பருவம் வர ஐந்தாறு மாதம் ஆகும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் விடியுமுன் கூவும் சேவல் பக்கத்து வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கும். குஞ்சு வேண்டாதவர்கள் சேவல் வாங்காமல் இருப்பதே நல்லது.

ஜனவரி 24

மாடி வீட்டுப் பையன் தெருவில் கலர் கோழிக்குஞ்சு வாங்கி வந்தான். பச்சையும் ரோஸுமாக ஆறு. இவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு உதவாது என்று பொரிப்பகத்தில் ஒதுக்கிய ஆண் குஞ்சுகள். சாயம் பூசி விற்கிறார்கள். மூன்றாம் நாளே செத்துப்போகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் பல குஞ்சுகள் சாவது குளிரினால்தான். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரிபோலக் குறைக்கலாம்.

அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, ஓரமாக ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டோம். "சூடு சரியா இருக்கான்னு எப்டித் தெரியும்?" என்றான். குஞ்சுகளே சொல்லும்டா என்றேன். பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டு கத்தினால் குளிர். தள்ளிப்போய் வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி.

ஜனவரி 30

இன்று எழுதுவதைப் புதிதாக வளர்ப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

முட்டை எப்போது, எத்தனை என்று கேட்பவர்கள் தடுப்பு மருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து திருகிக்கொள்ளும், கூண்டே காலியாகும். வைரஸ் நோய் என்பதால் வந்தபின் குணப்படுத்த மருந்து கிடையாது. வருமுன் தடுக்க மட்டுமே முடியும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி சொட்டு, எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஊசி.

சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பியில் நூறு கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். அதுவரை ஐஸிலேயே இருக்க வேண்டும். நாலு குஞ்சு வைத்திருப்பவர் தனியாக வாங்கினால் மீதி சாக்கடைக்குத்தான் போகும். அதனால் நாங்கள் நாள் குறித்து, தெருவுக்கே சேர்த்துப் போடுகிறோம். இன்று காலை வெயிலுக்கு முன்னால் ஐந்து வீட்டுக் குஞ்சுகளுக்கும் போட்டு முடித்தோம். ஒரு வீடு போடாமல் விட்டால் நோய் அங்கே தங்கி மற்ற வீடுகளுக்கும் போகும். செருப்பிலும் தீனிச் சாக்கிலும்கூட ஒட்டிக்கொண்டு வரும்.

பிப்ரவரி 16

வாடை பற்றிப் புகார். கோழி எச்சத்தில் முக்கால்வாசி தண்ணீர். தரை ஈரமானால்தான் நாற்றம், ஈ, ரத்தக்கழிச்சல் எல்லாம். உமியைத் தினம் கிளறி, நனைந்ததை அள்ளிவிட்டால் போதும். தண்ணீர்ப் பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றினால் பாதி ஈரம் குறையும்.

மார்ச் 9

காசிமேட்டில் வேலை செய்யும் அண்ணன் கேட்டார்: "கருவாட்டை இடிச்சித் தீனில கலக்கலாமாம்மா?" புரதத்துக்கு மீன் நல்லதுதான். ஆனால் உப்புக் கருவாடு வேண்டாம், அதிக உப்பு கோழிக்கு நஞ்சு. உப்பில்லாமல் காய்ந்தது கிடைத்தால் கொஞ்சம் சேர்க்கலாம். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ஓடில்லாத தோல்முட்டை போடுவது குறையும் என்றேன்.

எதிர்வீட்டார் வளர்ந்த பெட்டையாக வாங்கிய சிறுவிடை என்ற நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. அதைத் தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகு செருகுவது எல்லாம் கொடுமை, செய்யாதீர்கள். முட்டைகளை எடுத்துவிட்டு, காற்றோட்டமான கம்பிக் கூண்டில் நாலைந்து நாள் வைத்தால் அடை கலையும். குஞ்சு வேண்டுமென்றால் சேவலோடு கூடின கோழியின் முட்டை வைத்து 21 நாள் விட்டுவிடலாம். அவர்கள் எங்கள் வீட்டு முட்டைகளை வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 6

எதிர்வீட்டில் அடையில் பொரிந்த குஞ்சுகளுக்கு இன்று சொட்டு மருந்து. பக்கத்துத் தெருவிலிருந்தும் இரண்டு வீட்டார் குஞ்சுகளோடு வந்தார்கள்.

ஏப்ரல் 27

கத்திரி இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. கோழிக்கு வியர்க்காது, மூச்சில்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரைமேல் கீற்று போட்டு நனைத்தோம், மண்சட்டியில் தண்ணீரை மதியம் ஒருமுறை மாற்றுகிறோம். தீனி இனி விடியலிலும் பொழுது சாய்ந்த பின்பும்தான். வெயிலில் முட்டை குறையும், அதற்காக யாரும் கோழியை மாற்ற வேண்டாம். ஏப்ரல் 6இல் சொட்டு போட்ட வீட்டார் எல்லோரும் இன்றே குஞ்சு எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள், நான்காம் வாரச் சொட்டுக்கு அடுத்த குப்பி வாங்க வேண்டும்.