நடையைக் கூட்டிக் காட்டும் கேள்வித்தாள்

எம்பிபிஎஸ் மாணவர்களின் உடலுழைப்பு என்பது சமூக மருத்துவத் துறையில் ஆண்டு தவறாமல் வரும் ஆய்வுத் தலைப்பு. ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இரண்டு மாத மாணவர் ஆய்வுத் திட்டத்துக்குத் தோதானது. விடுதி நிறைய ஆள் இருக்கிறார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைப் பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். மைதானத்தில் ஆளைக் காணோம்.

இந்த ஆய்வுகளில் உடலுழைப்பை அளக்கக் கொடுக்கும் ஐபேக் (IPAQ) கேள்வித்தாள் கடந்த 7 நாள்களை மட்டுமே கேட்கும். இன்டர்னல் தேர்வுக்கு முந்தின வாரம் கொடுத்தால் எல்லோரும் சோம்பேறி. ஸ்போர்ட்ஸ் முடிந்ததும் கொடுத்தால் எல்லோரும் வீரர். இரண்டு பருவத்திலும் வாங்க வேண்டும். பெரிய ஓட்டை நடைக் கேள்வியில்தான். விடாமல் 10 நிமிடமாவது நடந்ததைத்தான் எழுத வேண்டும். இவர்களோ வார்டுக்கும் கேன்டீனுக்கும் அலைந்த இரண்டிரண்டு நிமிடத்தையும் கூட்டி 'தினம் ஒரு மணி நேரம்' என்று போட்டுவிடுகிறார்கள். நடைக்கு 3.3 மெட், அதாவது சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல 3.3 மடங்கு ஆற்றல் செலவு. தினம் 60 நிமிடம், 7 நாள்: 60 × 7 × 3.3 என்றால் வாரத்துக்கு 1,386 மெட்-நிமிடம். போதிய உழைப்பு உள்ளவர் பட்டியலில் உட்கார 600 போதும்! கட்டிலில் சாய்ந்து படித்த நேரத்தை உட்கார்ந்த கணக்கில் சேர்க்கவும் மறந்துவிடுவார்கள்.

கேள்வித்தாளோடு சேர்த்து எடுக்கும் இடுப்பளவிலும் கோளாறு வரும். பேன்ட் கட்டும் இடத்தில் டேப்பை வைக்கக் கூடாது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். இந்தியர்களான நமக்கு வரம்பு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 23 தாண்டினாலே அதிக எடை. 25 வரை நார்மல் என்பது நமக்குப் பொருந்தாது.

எம்பிபிஎஸ்ஸின் 2019 பாடத்திட்டம் முதலாண்டுத் தொடக்கத்தில் விளையாட்டு, கலை இரண்டுக்குமாக 22 மணி நேரம் கொடுத்தது. அதற்கப்புறம் அவரவர் பாடு. வகுப்பு முடிந்து அறைக்குப் போய்ச் சாய்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஷூவைப் பையிலேயே வைத்துக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போகிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகம் அந்த அளவு போதும். தேர்வு முடிந்த மறுநாளே 5 கி.மீ. ஓடினால் கெண்டைக்கால் முன்னெலும்பு வலிக்கும். 10 நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு 5 நிமிடம் ஏற்றலாம். தேர்வுக் காலத்தில் அடியோடு நிறுத்தாமல், வேகத்தை அப்படியே வைத்து நேரத்தைப் பாதியாக்கலாம்.

படிப்பை முடித்து ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறும் ஹவுஸ் சர்ஜன்கள் 'நாள் முழுக்க நின்றுகொண்டுதானே இருக்கிறோம்' என்பார்கள். நின்றால் குதிகால் வலிக்கும். நெஞ்சுத்துடிப்பு பெரிதாக ஏறாது. நைட் டூட்டி முடிந்தால் முதலில் தூக்கம். உடற்பயிற்சியெல்லாம் மாலைக்கு.