42 மீட்டர் ராட்சதன்: ஒரு மாணவர் படத்தின் வேலைக் குறிப்பு

மே 4

ராட்சத உடுப்பு போட்ட ஒருவர் சின்ன மாதிரி நகரத்தை இடிப்பதுதான் படம். உடுப்புக்குள் நிற்பவரின் உயரம் 1.70 மீட்டர். மாதிரியின் அளவு 1:25, அதாவது உண்மையில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆக, திரையில் ராட்சதன் 42.5 மீட்டர். இந்த எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று. மற்ற கணக்கெல்லாம் இதிலிருந்துதான். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் மாதிரியில் 12 செ.மீ. கதவு 8 செ.மீ. நான்கு மாடிக் கட்டடம் 48 செ.மீ., கிட்டத்தட்ட முழங்கால் உயரம்.

ராட்சதன் பொம்மையாகத் தெரிந்தால் பழி உடுப்பின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி அளவுக் கலப்பு. சின்னப் பொம்மைக் கார்கள் பல 1:64 அளவில் வருகின்றன. அதை 1:25 கட்டடத்தின் வாசலில் நிறுத்தினால் கட்டடம் பொய்யென்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். தெருவின் கடைசியில், கேமராவிலிருந்து தூரத்தில் நிறுத்தினால் அதே கார் தெருவை நீளமாகக் காட்டும்.

மே 6

உடல் பேட்டர்ன், அதாவது உடுப்பை வெட்டுவதற்கான அளவு மாதிரி. பழைய பனியனுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் மூன்று அடுக்கு டேப். மார்பைச் சுற்றும்போது நன்றாக மூச்சை இழுத்து நிற்க வேண்டும், இல்லையென்றால் உடுப்பு முடிந்தபின் மூச்சு விட இடமிருக்காது. வெட்டுக்கோடுகளையும் அம்புக்குறிகளையும் உடல்மேல் இருக்கும்போதே மார்க்கரால் வரைந்துவிட வேண்டும். கழற்றிய பிறகு எது இடது தோள், எது வலது என்று தெரியாது. முனை மழுங்கிய கத்தரியால் முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றவும்.

அந்த டேப் துண்டுகளை வைத்து வெட்டும் மெத்தை ஃபோம் 25 மி.மீ. ஒவ்வொரு ஓரத்திலும் 2 செ.மீ. கூடுதல், ஏனென்றால் ஃபோமின் தடிமன் உள்சுற்றளவைத் தின்றுவிடும். செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசையை இரண்டு ஓரங்களிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை சுமார் பத்து நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் பிரிந்துவரும். பதத்தில் ஒட்டியதை நகர்த்த முடியாது. சன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மே 10

தலை. இதற்கு நான்கு நாள் ஒதுக்கியது சரியான முடிவு.

களிமண்ணில் செதுக்கி, இரண்டு பாதியாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சு. அதில் ரப்பர் பால் ஊற்றித்தான் தலையின் தோல். எடையில் 10 பங்கு பிளாஸ்டருக்கு 7 பங்கு தண்ணீர். பிளாஸ்டரைத் தண்ணீரில் தூவ வேண்டும், மாற்றிச் செய்தால் கட்டி தட்டும். முதல் பாதி இறுகியபின் அதன் விளிம்பில் சோப்புக் கரைசல் பூசிவிட்டு இரண்டாம் பாதியை ஊற்றலாம். வாசலின் வேண்டாம். அச்சில் எண்ணெய்ப் பசை மிஞ்சினால் ரப்பர் பால் அந்த இடத்தில் இளகிக் கெட்டுவிடும். பிளாஸ்டர் இறுகும்போது சூடேறும், அதனால் யாருடைய கையையும் அதற்குள் புதைத்து அச்செடுக்கவே கூடாது.

அச்சு முழுக்கக் காய வேண்டும். ரப்பர் பாலிலுள்ள நீரைப் பிளாஸ்டர் உறிஞ்சுவதால்தான் சுவரில் தோல் கட்டுகிறது. ஈர அச்சு உறிஞ்சாது. ஊற்றி அரைமணி நேரம் விட்டு, மீதியைத் திரும்பப் பாத்திரத்தில் வடித்து, ஒருநாள் உலர்த்த வேண்டும். பிரிக்கும்போது உட்புறம் முழுக்க டால்கம் பவுடர். பவுடர் படாத இடம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கிழித்துத்தான் எடுக்க முடியும். காயக்காயச் சற்றுச் சுருங்கும், ஆகவே செதுக்கும்போதே கொஞ்சம் பெரிதாக.

தாடைக்குள் வைக்கும் கம்பி அலுமினியமாக இருக்கட்டும். செம்பும் பித்தளையும் ரப்பரை அரிக்கும். பிரஷ்ஷை முதலில் சோப்பு நீரில் முக்கிவிட்டுப் பாலில் தோய்த்தால் கழுவ வரும். அம்மோனியா நெடி கடுமை. ரப்பர் ஒவ்வாமை இருப்பவர் இந்த வேலையிலும் வேண்டாம், உடுப்புக்குள்ளும் வேண்டாம்.

சாயத்தை ரப்பர் பாலோடு கலந்து பூச வேண்டும். வெறும் அக்ரிலிக் முதல் முறை வாய் திறந்ததுமே வெடிக்கும். பால் வெள்ளை காய்ந்ததும் மறைந்துவிடுவதால் நிறம் கிண்ணத்தில் தெரிவதைவிட அடர்த்தியாகத்தான் வரும்.

மே 15

வால். ஃபோமில் ஒட்டினால் முதுகுத் தையல் கிழியும். எடை முழுவதும் இடுப்பு பெல்ட்டில் இறங்க வேண்டும். நுனியைத் தூக்கத் தங்கூசி நரம்பு, பளபளப்பு தெரியாமல் இருக்க மேலே மங்கலான கறுப்புச் சாயம்.

மே 18

இடியும் கட்டடத்துக்கு 4 மி.மீ. பிளாஸ்டர் பலகைகள். பின்பக்கம் நெருக்கமாகக் கீறல் போட வேண்டும். 10 செ.மீ. துண்டாக உடைந்தால் அது திரையில் இரண்டரை மீட்டர் பாறை, சுவர் அப்படி உடையாது. உள்ளே தளங்களும் இரண்டு மூன்று மேசைகளும் வைக்காவிட்டால் உடைந்ததும் வெறும் பெட்டி தெரியும். தூசிக்கு ஒவ்வொரு தளத்திலும் முல்தானி மட்டி. மாவு கூடவே கூடாது: காற்றில் பரவிய மாவு தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஒரே கட்டடத்துக்கு மூன்று செட் பலகைகள்.

மே 23

கேமரா சோதனை. மாதிரியைப் படமெடுக்கும்போது கேமராவின் ஃபிரேம் வேகத்தை அளவின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும்: 25-க்கு 5. ஆகவே விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 120, திரையில் ஓடுவது 24-இல்தான். சரிபார்க்க எளிய கணக்கு உண்டு. 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் துண்டு 0.29 விநாடியில் தரை தொடும். உண்மையில் அது 10 மீட்டர் உயரம், 1.43 விநாடி ஆக வேண்டும். சரியாக ஐந்து மடங்கு. பார்ப்பவர் கணக்குப் போடுவதில்லை, ஆனால் கனம் இல்லையென்று உடம்பு சொல்லிவிடும்.

தனி நடைக்கு 120 மிக மந்தம், 60 போதும். நடையும் இடிபாடும் ஒரே ஷாட்டில் வந்தால் 120-தான். உள்ளிருப்பவர் வழக்கத்தைவிட விரைவாக அசைய வேண்டும்.

120-இல் ஷட்டர் 1/240 விநாடி, அதாவது ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும். மலிவான எல்இடி விளக்கில் மின்சாரத் துடிப்பு பட்டை பட்டையாக ஓடுகிறது. வெயிலே நல்லது: ஒரே திசை, ஒரே கூர்மையான நிழல்.

தரையில் நிற்கும் மனிதரின் கண் 1.6 மீட்டர், மாதிரியில் 6.4 செ.மீ. ஃபோனைத் தலைகீழாக வைத்தால்தான் லென்ஸ் அந்த உயரத்துக்கு இறங்கும். சிறிய சென்சார் என்பதால் முன்னும் பின்னும் ஃபோகஸ் நிற்கிறது. இந்த வேலைக்கு விலை உயர்ந்த கேமராவைவிட ஃபோன் எளிது. ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டப்பட்டிருக்க வேண்டும்.

மே 26

படப்பிடிப்பு. ஒரு தடவைக்கு 15 நிமிடம், கையில் ஸ்டாப்வாட்ச், பிறகு தலையைக் கழற்றித் தண்ணீர். உள்ளே 5 வோல்ட் விசிறி, பவர் பேங்கில். பார்வை வாய்க்குள் கறுப்பு வலை வழியாக. பக்கத்தில் ஒருவர் எப்போதும், அவருக்கு வேறு வேலை கிடையாது. இடிக்கும்போது எல்லோருக்கும் முகமூடி.

மே 30

உறுமல். 1954 ஜப்பானியப் படமான ‘கொஜிரா’வுக்கு (காட்ஸில்லா) இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் தளர்த்திய தந்தியை பிசின் தடவிய தோல் கையுறையால் இழுத்து உறுமலை உண்டாக்கினார். உராய்வில் பிறக்கும் ஒலிக்கு அந்த இழுபறி இயல்பாகவே வரும். ஈர விரலால் பலூனைத் தேய்த்தாலும் தொடங்கலாம்.

பதிவின் வேகத்தைப் பாதியாக்கினால் சுருதி ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும். கால்பங்காக்கினால் 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 5.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது, போர்வைக்குள் கத்தியதுபோல மழுங்கும். 96 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யவும், மைக்கும் அந்த உயர் ஒலிகளை வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஜூன் 2

எடிட்டிங்கில் வசனம் உதடோடு போகப்போக விலகுகிறது. ஃபோன்கள் ஃபிரேம் வேகத்தைத் தாமே ஏற்றி இறக்குவதால் வருவது இது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றியபின்தான் டைம்லைனில் போட வேண்டும். 120 ஃபிரேம் ஷாட்டுகளை மாற்றும்போது 120 என்றே வைக்கவும். அங்கே 30 என்று விட்டுவிட்டால் நான்கில் மூன்று ஃபிரேம் போய்விடும், இடிபாடு துள்ளும். மூலக் கோப்புகள் இரண்டு டிஸ்க்கில் இருக்கின்றன.