கத்தல் ஒரு பக்கம், கூடு ஒரு பக்கம்

நில அளவை வேலைக்காக வெட்டவெளிகளில் இறங்குகிறவர்களுக்கு ஆட்காட்டிப் பறவையை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அளவைக் கருவியின் முக்காலியை விரித்து நிறுத்துவதற்குள் அது நம்மைப் பார்த்துவிடும். பார்த்ததோடு விடாது, தலைக்கு மேலே வட்டமடித்து ஊரை இரண்டாக்கும். ப்ரிசம் (அளக்கும் புள்ளியில் கம்பத்தின்மேல் பிடிக்கும் கண்ணாடி) பிடிக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அதைக் கண்டாலே எரிச்சல். "சூப்பர்வைசர் வந்தாச்சு சார்" என்று ஒருவர் சலித்துக்கொள்வார். எனக்கு அதன்மேல் ஒரு தொழில் மரியாதை உண்டு. தரையைப் படிப்பதில் அது எங்களைவிடக் கெட்டி.

கோணமும் தூரமும் அளக்கும் எங்கள் கருவியான டோட்டல் ஸ்டேஷனின் தொலைநோக்கி 30 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். கம்பம் பிடிப்பவர் அடுத்த புள்ளிக்கு நடந்து போகிற இடைவெளியில் அதைப் பறவை பக்கம் திருப்பிவிடுவேன். (சூரியன் இருக்கும் திசைக்கு மட்டும் திருப்பக் கூடாது, கருவியும் போகும், கண்ணும் போகும்.) சிவப்பு மூக்கு ஆட்காட்டி 32 முதல் 35 செ.மீ. நீளம் இருக்கும். தலையும் தொண்டையும் மார்பும் நல்ல கறுப்பு. கண்ணுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்தோரமாக இறங்கி வெள்ளை வயிற்றோடு சேர்ந்துவிடும். அலகு சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவப்பாகத் தொங்கும் சதைமடலைத் தொலைநோக்கியில் பார்க்கும்போதுதான் அது இறகு இல்லை, வெறும் தோல் என்று தெளிவாகும். முதுகு பழுப்பு, சாய்வான காலை வெயில் பட்டால் அதில் பச்சையும் ஊதாவும் கலந்து மின்னும். கால்கள் நீளம், பளிச்சென்ற மஞ்சள். பின்விரல் பெயருக்குத்தான் இருக்கிறது, கிளையைப் பற்ற உதவாது. அதனால் அது மரத்தை நாடுவதில்லை. உண்பது, உறங்குவது, முட்டையிடுவது எல்லாம் தரையில்தான். உப்புக்கொத்திகளுக்கு நெருங்கிய உறவு, நீர்க்கரைப் பறவைதான் என்றாலும் ஈரம் பார்க்காத பொட்டலிலும் சமாளிக்கும். இன்னும் வறண்ட இடங்களில் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி வரும். உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி, அதன் கீழே வெள்ளைக் கோடு, முகத்தில் மஞ்சள் மடல். அது இவ்வளவு வாயாடி அல்ல.

இரை தேடும் நடையே தனி. நாலைந்து எட்டு ஓடும், சட்டென நிற்கும், உடம்பைச் சாய்த்துக் கொத்தும், மறுபடி ஓடும். ஈரமண்ணில் ஒரு காலை மட்டும் படபடவென உதறித் தட்டும். உள்ளே இருக்கும் பூச்சி அசைந்தால் தீர்ந்தது.

மார்ச் தொடங்கி ஆகஸ்ட் வரை எங்களுக்குப் பெரிய வேலை, கூடு எங்கே என்று கண்டுபிடிப்பது. முளை அடிக்கப்போகும் இடத்தில் முட்டை இருந்துவிடக் கூடாதல்லவா! கூடு என்று சொல்வதே அதிகம். தரையில் ஆழமில்லாத ஒரு குழி, சுற்றிலும் பொறுக்கிப் போட்ட சிறு கற்களும் மண்கட்டிகளும், சில நேரம் ஆட்டுப் புழுக்கையும். உள்ளே பெரும்பாலும் 4 முட்டைகள், கூர்முனைகள் நடுவைப் பார்த்திருக்கும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள். குனிந்து பார்க்கும்போதே கண் ஏமாறும்.

புதிதாக வருகிறவர்கள் கத்தும் பறவையைப் பின்தொடர்வார்கள். அது நடக்காது. ஆள் தூரத்தில் தெரிந்ததுமே அடைகாக்கும் பறவை எழுந்து, வேலை நேரத்தில் நைசாக நழுவுகிறவர்களைப் போலத் தலையைத் தாழ்த்திக்கொண்டு சத்தமில்லாமல் நடந்துவிடும். கூட்டைவிட்டுப் போதுமான தூரம் போன பிறகுதான் பறக்கும், கத்தும். இன்னும் கெட்டியானவை முட்டையே இல்லாத இடத்தில் அடைகாப்பதுபோல் உட்கார்ந்து காட்டும். நான் செய்வது இதுதான்: எல்லோரையும் வண்டிப் பக்கம் வரச் சொல்லிவிட்டு, கருவியைப் பூட்டாமல் வைத்து, பார்த்துக்கொண்டே இருப்பேன். கத்தல் ஓயும். ஒன்று இறங்கி, ஓடி, நின்று, ஓடி, ஓரிடத்தில் வயிற்றிறகைச் சிலுப்பிக்கொண்டு அமரும். அந்தப் புள்ளியைக் கருவி குறித்துக்கொள்ளும். பிறகு அந்த இடத்தைச் சுற்றி நாலு முளை, சிவப்பு நாடா.

உச்சி வெயிலில் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அருகே தண்ணீர் இருந்தால் அதில் வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகள்மேல் அமரும். மற்ற நேரத்தில் நின்றபடியே நிழல் கொடுக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இருப்பதால் கூடு வெகுநேரம் வெயிலில் கிடப்பதில்லை.

அடைகாலம் 28 முதல் 30 நாள். அதற்கு எந்த ஒப்பந்ததாரரும் ஒத்துக்கொள்வார். ஒரு மூலையை மாதக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் போயிற்று. சிக்கலே பொரித்த பிறகுதான். குஞ்சுகள் இறகு உலர்ந்ததும் கூட்டைவிட்டுக் கிளம்பிவிடும். நாடா காலியிடத்துக்குக் காவல் நிற்கும். தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் அவை ஓடுவதுமில்லை. அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிடும். பருந்துக்கு இது நல்ல ஏமாற்று. ரோலருக்கு என்ன தெரியும்? அதனால் குஞ்சு இருக்கும் பகுதியில் வண்டி நகருமுன் ஒருவர் முன்னால் நடந்து பார்த்துக் கைகாட்ட வேண்டும். இதை வேலைத்தாளில் எழுதச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், எழுதிவிட்டால் செய்கிறார்கள்.