ஒரு நாளி நிலம்

என் மகள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இப்போது உத்தராகண்டில், அல்மோராவில் இருக்கிற மலை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் சிறுதானியத்தில் வேலை செய்கிறாள். "ஒரு தடவையாவது வந்து பாருங்கப்பா" என்று மூணு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன ஐப்பசியில்தான் கிளம்ப முடிந்தது. நானும் என் மனைவியும் இருபத்து நாலு நாள் இருந்துவிட்டு வந்தோம்.

நான் முப்பத்து நாலு வருஷம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். தாராபுரம், காங்கயம், வெள்ளகோவில் என்று இந்தச் சுற்றுவட்டத்திலேயே முடித்தேன். 1980இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை அரசு ஒழித்த பிறகு தேர்வு எழுதி வந்த தலைமுறை எங்களுடையது. ஆனாலும் ஊரில் இன்றைக்கும் "மணியகாரரே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எங்கே போனாலும் ஒரு காட்டைப் பார்த்தால் அது யார் பேரில் இருக்கிறது, பட்டாவில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றுதான் மனசு முதலில் கேட்கும்.

டெல்லியிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடியக்காலை காத்கோதாம். அதோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. பெயருக்கு அர்த்தமே மரக்கிடங்கு என்றாள் மகள். மலையிலிருந்து வெட்டி வந்த மரங்களை அங்கேதான் குவித்து வைத்தார்களாம். அங்கிருந்து காரில் மூணு மணி நேரத்துக்கு மேல். பாதி வழி கோசி ஆற்றை ஒட்டியே போகிறது. ஊதியூர் மலையையும் சிவன்மலையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, திரும்பின பக்கமெல்லாம் மலையாக இருப்பது முதல் நாள் மூச்சு முட்டியது. அல்மோரா நகரம் குதிரைச் சேணம் மாதிரி வளைந்த ஒரு முகட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர், நம் குன்னூரைவிடக் கொஞ்சம் தாழ்வு. வானம் தெளிந்த காலையில் வடக்கே திரிசூல், நந்தாதேவி பனிச் சிகரங்கள் வெள்ளையாக நிற்கும். அந்த வெயில் ஏறுவதற்குள் என் மனைவி தினமும் ஒரு தடவை போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவாள்.

எனக்குப் பிடித்துப் போனது வயல்கள். மலைச் சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிகள். ஒவ்வொரு படியும் ஒரு வயல். சில வயல் ஒரு கட்டில் போடுகிற அகலம்தான். அதில் ஏர் பிடித்துப் போகிறவர் கோடியில் மாட்டைத் திருப்புவதை நின்று பார்த்தேன். காங்கயம் காளையை அங்கே கொண்டுபோய் விட்டால் திரும்ப இடம் பத்தாது. அவர்களுடைய பத்ரி மாடு ஆள் இடுப்புயரம்தான் இருக்கும். அந்தப் படிக்கு அந்த மாடுதான் சரி.

"ஒரு வயல் எவ்வளவு வருங்க?" என்று கேட்கச் சொன்னேன். மகள் கேட்டாள். வந்த பதில்: "ரெண்டு நாளி."

நாளி என்றால் என்ன என்று கேட்டதும் அந்த வீட்டுப் பாட்டி உள்ளே போய்ச் செம்புப் பாத்திரம் ஒன்றை எடுத்து வந்தார். தானியம் அளக்கிற பாத்திரம். அடி கொஞ்சம் அகலம், விளிம்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. அந்தப் பாத்திரம் நிறைய விதை எவ்வளவு நிலத்துக்குப் போதுமோ அது ஒரு நாளி நிலம். எனக்குச் சட்டென்று உடம்பு சிலிர்த்தது. நம்முடைய நாழியும் தானியம் அளக்கிற அளவுதானே. எங்கள் கொங்குப் பக்கம் வள்ளம் என்பது தானியம் அளக்கிற அளவு, அதே வள்ளம் நிலத்துக்கும் அளவு. "எங்க அப்பாருக்கு ரெண்டு வள்ளக் காடு" என்று சொன்னால் கிட்டத்தட்ட எட்டு ஏக்கர் என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் புரியும். விதையை வைத்து நிலத்தை அளக்கிற புத்தி இங்கேயும் இருந்திருக்கிறது, அங்கேயும் இருக்கிறது. நம்மிடம் அது பேச்சில் மட்டும் மிச்சம். அங்கே அரசாங்க ஆவணத்திலேயே நாளிதான்.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இப்போது அங்கே ஒரு நாளி என்பது 200 சதுர மீட்டர். ஐம்பது நாளி ஒரு ஹெக்டேர். நம் கணக்கில் ஒரு நாளி ஏறக்குறைய அஞ்சு சென்ட். நம் ஊரில் அஞ்சு சென்ட் என்றால் ஒரு வீட்டு சைட். அங்கே அது ஒரு வயல், அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு போகம் ராகி.

ராகி என்று சும்மா சொல்லவில்லை. அங்கே அதற்கு மடுவா என்று பேர். அதில் ரொட்டி தட்டி நெய் தடவித் தருகிறார்கள். குதிரைவாலிக்கு ஜங்கோரா. கஹத் என்று ஒரு பருப்பு கடைந்து ஊற்றினார்கள். ஒரு வாய் வைத்ததும் என் மனைவி, "ஏங்க, இது நம்ம கொள்ளுப் பருப்புங்க" என்றாள். கொள்ளேதான். சீரகமும் பூண்டும் தாளித்து, கொஞ்சம் தண்ணியாக. ஆட்டுக்கல்லில் கடைந்த நம் பருப்பு அளவுக்குக் கெட்டி இல்லை, ஆனால் வாசம் அதே வாசம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தாண்டிப் போய் அம்மாவைப் பெத்த அமுச்சி வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்ட மாதிரி இருந்தது.

நிர்வாகத்துக்கு வருகிறேன். அல்மோரா ஒரு காலத்தில் பெரிய ஜில்லா. சந்த் அரசர்களின் தலைநகரம். 1790இல் நேபாளத்துக் கூர்க்காக்கள் பிடித்தார்கள், 1815இல் ஆங்கிலேயர் வசம் போனது. அப்புறம் பிரித்துக்கொண்டே வந்தார்கள். 1891இல் நைனிடால், 1960இல் பிதோராகர், 1997இல் பாகேஷ்வரும் சம்பாவத்தும். சம்பாவத் மட்டும் பிதோராகரிலிருந்து வந்தது. இது எனக்கு நன்றாகப் புரிகிற விஷயம். தாராபுரத்துக்காரன் நான் பிறந்தது கோயம்புத்தூர் ஜில்லாவில், 1979இல் ஈரோடு பிரிந்தபோது அந்தப் பக்கம் போனோம், 2009இல் திருப்பூர். வீடு நகரவில்லை, முத்திரை மட்டும் மூணு. இப்போது மிச்சமிருக்கிற அல்மோரா ஏறக்குறைய 3,140 சதுர கிலோமீட்டர், 11 வளர்ச்சி வட்டாரம்.

அங்கே நான் சந்திக்க ஆசைப்பட்ட ஆள் பட்வாரி. நம்ம ஊர் மணியகாரர் வேலைதான். மகள் குடியிருக்கிற வீட்டுக்காரர் மூலமாக ஒருவரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச வருஷத்தில் ஓய்வு பெறப் போகிறவர். நானும் இதே வேலை செய்தவன் என்று மகள் சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அரை நாள் விடவில்லை.

அவர் சொன்னதில் என்னை அசர வைத்தது ஒன்று. உத்தராகண்ட் மலைகளில் ரொம்ப காலமாகப் பட்வாரிதான் போலீசும். ஆங்கிலேயர் காலத்தில், குற்றம் குறைவான இந்த மலையில் ஊருக்கு ஊர் காவல் நிலையம் வைப்பானேன் என்று வருவாய்த் துறையிடமே அந்த அதிகாரத்தைக் கொடுத்தார்கள். கொலை நடந்தால் முதல் தகவல் அறிக்கை எழுதுவது, பிரேத விசாரணை, ஆளைப் பிடிப்பது எல்லாம் பட்வாரியும் அவருக்கு மேலே கானூன்கோவும் (நம்ம வருவாய் ஆய்வாளர்) நாயப் தாசில்தாரும் (துணை தாசில்தார்) தான். துப்பாக்கி கிடையாது, தடிதான். சின்ன வயதில் ஒருவனைக் கைது செய்து, வண்டி இல்லாமல், பதினாலு கிலோமீட்டர் பேசிக்கொண்டே நடத்திக் கூட்டி வந்ததை அவர் சொன்னார். வழியில் ஒரு கடையில் இரண்டு பேரும் டீ குடித்தார்களாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2018இல் அந்த மாநில உயர் நீதிமன்றம் ஆறு மாதத்தில் இதை முடித்துக்கொள்ளச் சொன்னது. அப்போதும் நடக்கவில்லை. 2022இல் பவுரி ஜில்லாவில் ஒரு இளம்பெண் கொலையான பிறகுதான் கிராமங்களைப் படிப்படியாக முறையான போலீசிடம் ஒப்படைக்க அமைச்சரவை முடிவெடுத்தது. இவருடைய சரகமும் போய்விட்டது. அவருக்கு அதில் வருத்தம். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் அவர் பக்கம் இல்லை. நில அளவு எடுக்கவே ஆள் பத்தாத இடத்தில், காணாமல் போன மகளைத் தேடி வருகிற தாய் தகப்பனைப் பட்வாரி வரும் வரை காத்திருக்க வைக்கக் கூடாது. அதை அவரிடமே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அப்புறம் அவர் கதவடியில் இருந்த பெட்டியைத் திறந்து கதௌனியைக் காட்டினார். நம்ம சிட்டா மாதிரி. ஒரே கணக்கு எண்ணில் நாற்பத்தொரு பேர். கொள்ளுத் தாத்தா பேரில் இருந்ததைப் பிரிக்காமல், வாரிசுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இதற்கு கோல் காத்தா என்று பேர். நம்ம கூட்டுப் பட்டா. விரலை வைத்து ஒவ்வொரு பேராகச் சொன்னார்: டெல்லி, டெல்லி, ஹல்த்வானி, ராணுவம், டெல்லி, இறந்துவிட்டார், பம்பாய். ஊரில் இருக்கிற பேர் மூணு. மூணும் பெண்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கில் அல்மோரா ஜில்லாவில் ஆயிரம் ஆணுக்கு 1,139 பெண்கள். ஜில்லாவின் மொத்த மக்கள் 6,22,506. பத்து வருஷத்துக்கு முன்பைவிட எட்டாயிரம் பேர் குறைவு. அந்த மாநிலத்தில் அப்படிக் குறைந்த ஜில்லாக்கள் இரண்டு: அல்மோரா, பவுரி. இடப்பெயர்வு ஆணையம் 2018இல் கொடுத்த அறிக்கையில், 2011க்குப் பிறகு மாநிலம் முழுக்க 734 குடியிருப்புகள் ஆளே இல்லாமல் போனதாக எழுதியிருக்கிறது. நாற்பத்தொரு பேரும் ஒரு இடத்தில் கூடிக் கையெழுத்துப் போடாமல் அந்த நிலத்தைச் சுலபமாகப் பிரிக்கவோ, அதன்பேரில் கடனோ மானியமோ வாங்கவோ முடியாது. அதனால் படிகள் இடிகின்றன. இடிந்த படியில் பைன் முளைக்கிறது, பைன் சருகு காய்ந்து கோடையில் தீப்பிடிக்கிறது. 2024 ஜூனில் பின்சர் சரணாலயத்தில் அந்தத் தீயை அணைக்கப் போன வனத்துறை ஊழியர்கள் கருகிச் செத்தார்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ கூட்டுப் பட்டாவைப் பார்த்திருக்கிறேன். "அப்பன் இருக்கும்போதே பாகம் பிரிச்சுக்கங்க" என்று எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்த நாற்பத்தொரு பேரைப் பார்த்தபோது, கேட்காத வீடுகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

சித்தையில் கோலு தேவதா கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். நகரத்திலிருந்து எட்டு ஒன்பது கிலோமீட்டர். வழி நெடுக மணி, ஆயிரக்கணக்கில். மணிகளுக்கு நடுவே காகிதங்கள். கோலு நியாயம் வழங்குகிற சாமி. கோர்ட்டில் கிடைக்காத நியாயத்தை எழுதிக் கட்டுகிறார்கள். பலது முத்திரைத்தாளிலேயே எழுதியிருக்கிறது. ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல்லில் மிளகாய் அரைத்து அம்மன்மேல் பூசுகிறோமே, அதே வலிதான். மகள் ஒரு தாளை மெதுவாகப் படித்துச் சொன்னாள்: அண்ணன் தம்பி, பிரிக்காத நிலம். மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்றேன். அது சாமிக்கு எழுதினது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தச் செம்புப் பாத்திரப் பாட்டி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம். அந்த மலைப் பேச்சான குமாவுனியில் பாட்டிக்கு ஆமா என்று பேர். நான் பேச்சுக்கு "ஆமா, ஆமா" என்று தலையாட்டும்போதெல்லாம் தன்னைக் கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பிப் பார்ப்பார். கல் பாவிய முற்றத்தில் கொள்ளுச் செடியைக் காயப்போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார். எண்பது வயது இருக்கும். மகன்கள் வெளியூர். இடிந்த படிகளில் கீழே இரண்டை மட்டும் அவரே கல் எடுத்து வைத்து மறுபடி கட்டியிருந்தார். சுளகில் புடைத்து, தூசி ஊதி, அந்த நாளியில் அள்ளி என் மனைவியின் முந்தானையில் கொட்டினார். அரை நாளிக்கும் கொஞ்சம் குறைவு. நம் கொள்ளைவிட மணி சிறிசு, நிறம் கறுப்பு.

"சமைத்துவிடாதே, போடு" என்றாராம். மகள் சொன்னாள்.

கார்த்திகை பிறந்து இரண்டாவது நாள் ராத்திரி தாராபுரத்தில் மழை. காலையில் வீட்டுக்குப் பின்னால் தரிசாகக் கிடந்த துண்டை உழுது அந்தக் கொள்ளைத் தூவினேன். விதை தீர்ந்த இடத்தில் குச்சி நட்டு, பழைய சங்கிலியைத் தேடி எடுத்து அளந்தேன். ஏழு சென்ட்.